தலைக்கட்டுக்கு ஒரு மீன்

என் வீட்டுக்காரர் குமரேசனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். குடி கிடையாது, சீட்டு கிடையாது, யாரோடும் வாய்ச்சண்டை கிடையாது. அந்த நல்ல மனுஷனோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டுவது எவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத்தான் தெரியும். குடிகாரனாக இருந்தாலாவது நாலு பேரைக் கூப்பிட்டு நியாயம் கேட்கலாம். புருஷன் மீன் வளர்க்கிறான் என்று யாரிடம் போய் முறையிடுவது?

எங்கள் ஊர் அத்திக்கொல்லை. ஜமுனாமரத்தூரிலிருந்து நடந்தே வந்துவிடலாம். இருபத்திரண்டு வீடு, எல்லோருக்கும் கொஞ்சம் சாமைக்கொல்லை, நாலைந்து புளியமரம். என் வீட்டுக்காரருக்கு அதற்கு மேல் பஞ்சாயத்தில் ஒரு வேலை உண்டு. ஊர் நடுவில் நான்கு தூண் மேல் நிற்கிறதே தண்ணீர்த் தொட்டி, அதற்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவது, காலையும் மாலையும் வால்வைத் திறந்துவிடுவது, அவ்வப்போது ஏணியில் ஏறித் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடுவது. டேங்க் ஆபரேட்டர் என்று பேர். நான் அதே ஊரில் பால்வாடி டீச்சர். என் பேர் கீதாஞ்சலி. இவர் கூப்பிடுவது கீதா என்றுதான், அதுவும் தொண்டையைச் செருமிவிட்டு. அவ்வளவு பேச்சுக்காரர்.

எல்லாம் ஒரு பல்லில் ஆரம்பித்தது. கடவாய்ப்பல் வீங்கி, வேலூருக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பல் டாக்டர் உட்கார வைத்த இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்ததாம். உள்ளே பச்சைப்பசேலென்று செடி, அதற்கு நடுவே விரல் நகம் நீளத்துக்கு மீன்கள், உடம்பில் நீலக் கோடு, வால் பக்கம் சிவப்பு. எல்லாம் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புமாம். இவர் பேரை மூன்று தடவை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை என்று கூடப் போன கோவிந்தன் மாமா வந்து சொன்னார். கோவிந்தன் மாமா இவருக்குப் பெரியப்பா மகன். வாய் வீங்கியிருந்ததால் இவர் இரண்டு நாள் பேசவில்லை. வாயைத் திறந்தபோது மீனைப் பற்றித்தான் பேசினார்.

அடுத்த மாதமே கூடத்தில் மூன்றடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. டிவி இருந்த மேசையில் அதை வைத்தார். டிவி பீரோ மேல் ஏறியது. அன்றிலிருந்து இன்றுவரை நான் கழுத்தை அண்ணாந்துதான் சீரியல் பார்க்கிறேன். தொட்டிக்கு அடியில் எங்கள் கொல்லைச் செம்மண், அதன் மேல் சலித்த மணல், ஓடையில் பிடுங்கி வந்த வேலம்பாசி, வேலூரில் வாங்கிய ஏதேதோ இலைச்செடி. களையெடுக்கக் கூப்பிட்டால் இடுப்பு வலி என்று சொல்கிற மனுஷன், தொட்டிக்குள் கத்தரிக்கோலை விட்டு, செடிக்கு முடிவெட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார். அப்போது அந்த இடுப்புக்கு ஒன்றும் ஆவதில்லை.

முதல் தடவை ஆறு மீன் வாங்கி வந்தார். பிளாஸ்டிக் பையில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில். மலைப்பாதையின் வளைவு ஒவ்வொன்றிலும் அந்தப் பையோடு சேர்ந்து இவரும் சாய்ந்திருக்கிறார். அப்படியும் வந்து சேர்ந்த இரண்டு நாளில் ஐந்து செத்துப்போயின. மிச்சம் இருந்த ஒன்று, தொட்டிக்குள் தண்ணீரைச் சுத்தம் செய்ய வைத்திருந்த குட்டி மோட்டாருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. தீனி எடுக்கவில்லை. நீலமும் சிவப்பும் வெளுத்து, சாம்பல் நிறமாகி, ஒரு வாரத்தில் அதுவும் போய்விட்டது.

"நோவு ஒண்ணுமில்ல கீதா. தனியா போச்சில்ல, அதான்" என்றார். "இது கூட்டமா இருந்தாத்தான் உயிரோட இருக்கும். ஒண்ண மட்டும் பிரிச்சி வுட்டா பயத்துலயே செத்துடும்."

"நானுந்தான் இந்த வூட்ல தனியா கீறேன். செத்தா போய்ட்டேன்?"

"உனுக்கு இன்னா. பேசறதுக்கு நான் கீறனே" என்றார், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மகராசன்.

அதற்குப் பிறகு வேலூருக்குப் போகிற போதெல்லாம் நாலு, ஐந்து என்று கொண்டுவந்து சேர்த்துக் கூட்டமாக்கிவிட்டார். கூட்டம் சேர்ந்த பிறகு அவை சாகவில்லை. எனக்குத்தான் உயிர் போனது. நியான் டெட்ரா என்று சொல்லவேண்டுமாம். நான் கோட்டு மீன் என்றுதான் சொன்னேன். பக்கத்து வீட்டு மணியம்மாள் ஒருநாள் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இத்த எத்தினி போட்டா கீதா ஒரு கொழம்பு ஆவும்?" என்று கேட்டாள். இவர் அன்று சாயங்காலம் வரை அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

சட்டங்களைக் கேளுங்கள். கூடத்தில் திடுக்கென்று லைட் போடக்கூடாது, மீன் மிரளும். முதலில் வாசல் லைட், அப்புறம் சமையல்கட்டு லைட், அதற்கப்புறம்தான் கூடம். தொட்டிக்குப் பக்கத்தில் மிக்ஸி ஓட்டக்கூடாது. குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றக்கூடாது, அதில் பிளீச்சிங் இருக்கிறது, இவரே போட்டது. அதனால் டிரம்மில் பிடித்து இரண்டு நாள் ஆறவைக்க வேண்டும், அந்த டிரம்மில் நான் ஒரு சொம்பு மொண்டுவிட்டால் முகம் தொங்கிப்போகும். மார்கழி, தை மாதக் குளிரில் எங்கள் மலையில் பல் கிட்டித்துப் போகும். கரண்ட் போனால் தொட்டிக்குள் இருக்கிற ஹீட்டரும் நின்றுவிடும் என்று, என் கல்யாணத்துக்கு என் அண்ணன் வாங்கித் தந்த கம்பளியை எடுத்துத் தொட்டியைச் சுற்றிப் போர்த்திவிடுவார். நான் இரண்டு பழம்புடவையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் மகள் திருவண்ணாமலையில் நர்சிங் படிக்கிறாள். போன் செய்தால் அவளும் மீன் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறாள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. எல்லா வம்பும் அதில்தான் வந்தது. தொட்டி என்று சொல்லக்கூடாது. "தொட்டி மாட்டுக்கு வெக்கிறது. இதுக்கு டேங்க்குன்னு பேரு" என்பார். வேலூர்க் கடைக்காரன் அப்படித்தான் சொல்வானாம். சரி, டேங்க் என்றே இருக்கட்டும். ஆனால் ஊர் நடுவில் நிற்பதும் டேங்க், நம் கூடத்தில் நிற்பதும் டேங்க், இரண்டுக்கும் ஆபரேட்டர் நீ ஒருத்தன் என்றால் என்றைக்காவது ஒருநாள் சந்தி சிரிக்குமா இல்லையா?

போன தை மாதம் சிரித்தது. மகளுக்குக் காய்ச்சல் என்று ஹாஸ்டலிலிருந்து போன் வர, இரண்டு பேரும் அடித்துப் பிடித்துத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினோம். வால்வு சாவி, வீட்டுச் சாவி இரண்டையும் இவர் கோவிந்தன் மாமாவிடம் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு டிரிப்ஸ் இறங்கிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் குறைந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னதும் இவர் வராந்தாவுக்குப் போய்க் கோவிந்தன் மாமாவுக்குப் போன் போட்டார். நான் பக்கத்திலேயேதான் நின்றேன்.

"அண்ணே, டேங்க்ல பாசி புடிச்சிகீது. பாதித் தண்ணிய எறக்கிடு."

மாமா அந்தப் பக்கம் ஏதோ தயங்குவது கேட்டது. இவர் பதில் சொன்னார்: "காது குத்து அவங்க வூட்ல. அதுக்கும் இதுக்கும் இன்னாண்ணே? இன்னிக்கே எறக்கிடு. நான் வந்து புதுத் தண்ணி ஏத்திக்கிறேன்." அதோடு சிக்னல் போய்விட்டது.

காது குத்து, எங்கள் ஊர் நாட்டாண்மை அருணகிரி வீட்டில். மறுநாள் காலை அவர் பேரனுக்கு. சுற்றுப்பட்ட மலையூர்களிலிருந்தெல்லாம் சனம் வந்து இறங்குகிற நாள். கோவிந்தன் மாமாவுக்கு டேங்க் என்றால் ஒரே டேங்க்தான். மீன் இருப்பது அவருக்கு மீன் தொட்டி. போய் ஊர்த் தொட்டியின் அடி வால்வைத் திறந்துவிட்டார். பாதி இறங்குவதற்குள் சொந்தக்காரர் யாரோ பஸ்ஸில் வந்து இறங்க, பேச்சு வாக்கில் டீக்கடைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. மோட்டார் போடலாம் என்றால் மலையடிவாரத்தில் எங்கோ கம்பி அறுந்து கரண்டும் இல்லை. மறுநாள் முழுக்க வரவில்லை.

அருணகிரி வீட்டு விருந்தாளிகள் கை கழுவத் தண்ணீர் இல்லாமல் வாழையிலையில் கையைத் துடைத்துக்கொண்டார்கள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பட்டுப்புடவையோடு பழைய கிணற்றுக்கு நடந்து, குடத்தில் தூக்கினார்கள். மலைமேல் ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு கிடையாது. நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணியம்மாள் மட்டும்தான் முகம் கொடுத்தாள். "உன் வூட்டுக்காரரு ஊர்த் தண்ணிய எறக்கச் சொல்லிட்டாராமே" என்றாள். நடந்தது என்ன என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

ஊர்க்கூட்டம் என் பால்வாடி வாசலில்தான் கூடியது, சிமெண்ட் போட்ட இடம் ஊரில் அது ஒன்றுதான். கோவிந்தன் மாமா குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். "டேங்க்குன்னான். இன்னிக்கே எறக்குன்னான். காது குத்து கீதுடான்னு சொன்னேன், அதுக்கும் இதுக்கும் இன்னாண்ணேன்னான்." அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. என் வீட்டுக்காரர் நின்ற இடத்தில் நின்று, "நான் சொன்னது மீன் டேங்க்கு" என்றார். அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வீட்டில் மீனுக்கு வக்காலத்து வாங்குகிற வாய் சபையில் ஒட்டிக்கொண்டுவிடும்.

கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். "ஊருக்கு மருந்துத் தண்ணி, மீனுக்கு நல்ல தண்ணி. அந்த டிரம்ம போய்ப் பாருங்க" என்று ஒருத்தர் எடுத்துவிட்டார். இவர் இடுப்புக் கயிற்றிலிருந்து வால்வு சாவியை அவிழ்த்து அருணகிரியின் முன்னால் வைத்தார். வேலையை விட்டுவிடுகிறாராம். ஆனால் சாவியை எடுக்க யாரும் கை நீட்டவில்லை. மழையிலும் காற்றிலும் அந்த ஏணியில் ஏற எவனுக்கு ஆசை?

அருணகிரி கெட்டவர் இல்லை. நிதானமாகத்தான் சொன்னார். "சாவி உங்கிட்டயே இருக்கட்டும்பா. வேலைல தப்பு இல்ல. தப்பு மீனால வந்துது. அந்த மீன ஊருக்குக் குடுத்துடு. கூறு போட்டுக்கிலாம்."

கூறு என்பது எங்கள் ஊரில் பெரிய வார்த்தை. திருவிழாக் கெடா ஆகட்டும், பொது மரத்துப் பலாப்பழம் ஆகட்டும், ஊருக்கு என்று வந்துவிட்டால் தலைக்கட்டுக்கு ஒரு கூறு. ஒரு வீடு என்றால் ஒரு தலைக்கட்டு. பெரிய வீடு, சின்ன வீடு என்ற பேச்சே இல்லை, எல்லோருக்கும் ஒரே அளவு. முதல் கூறு சாமிக்கு. கூறு வேண்டாம் என்று எவனும் சொல்ல மாட்டான், சொன்னால் ஊரோடு உறவு வேண்டாம் என்று அர்த்தம். கொடுக்கமாட்டேன் என்றும் சொல்ல முடியாது. எத்தனையோ தலைமுறையாக யாரும் வாயைத் திறக்காத அந்த இடத்தில் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"கூறு போடாதீங்க. ஒண்ணொண்ணா பிரிச்சா செத்துடும். அது தனியா இருக்காது."

"தனியா யாருப்பா வுடப்போறா" என்றார் அருணகிரி. "எங்க வூட்ல எட்டு பேரு கீறோம்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே கூட்டம் எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டது. முதலில் எண்ணவேண்டுமே. அவை நின்றால்தானே எண்ணுவது? அருணகிரி இருபது என்றார், கோவிந்தன் மாமா இருபத்தாறு என்றார், ஒருத்தர் எண்ணும்போது இன்னொருத்தர் விரலைக் கண்ணாடியில் வைக்க, எல்லாம் சிதறி ஓட, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் இவரே வலையை எடுத்து ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார். அடுத்தவன் கைபட்டால் செதில் போய்விடுமாம். ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில், கூல்டிரிங்க்ஸ் பாட்டில் என்று கையில் எது கிடைத்ததோ அதைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு துண்டு வேலம்பாசியைக் கிள்ளிப் போட்டு, மீனை விட்டார். மொத்தம் இருபத்து மூன்று. இருபத்திரண்டு தலைக்கட்டுக்கு ஒவ்வொன்று, சாமிக்கு ஒன்று. இவ்வளவு கச்சிதமாக வந்ததைப் பார்த்து, இது மாரியம்மன் செயல் என்று அருணகிரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எங்கள் தலைக்கட்டுக்கும் ஒரு கூறு. அது மட்டும் பெரிய தொட்டியிலேயே இருந்தது, அத்தனை செடிக்கும் நடுவில் ஒற்றையாக. நிஜத்தைச் சொல்வதென்றால் எனக்கு அப்போது சந்தோஷம்தான். இனி டிவி கீழே இறங்கும், கம்பளி என் மேல் ஏறும் என்று இருந்தேன். ஆனால் இவர் சாப்பிட உட்காரவில்லை. தொட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஒற்றை மீன் மோட்டாருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டு வெளியே வரவில்லை.

"யோவ், சோறு ஆறுது" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் 'ங்க' எல்லாம் போய்விடும்.

"இருபத்து மூணும் போயிடும் கீதா."

"போனா போவுது. மனுஷனா சாவறான்?"

சண்டைக்கு வருகிற ஆளாக இருந்தால் நானும் இரண்டு வார்த்தை கூடப் பேசி ஆறியிருப்பேன். இப்படி வாயை மூடிக்கொண்டு கண் கலங்குகிற ஆளிடம் என்ன செய்ய? மறுநாளிலிருந்து வால்வு திறக்கிற சாக்கில் வீடு வீடாகப் போனார். பைக்குள் மீன் தீனி. ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, கிண்டலையும் வாங்கிக்கொண்டு வருவார். "எட்டு பேரும் மாத்தி மாத்திப் பேசிப் பாத்துட்டோம்பா, உன் மீனு வாய்த் தொறக்கல" என்றாராம் அருணகிரி.

அப்புறம் ஒரு காலையில் மணியம்மாளின் பேத்தி செவ்வந்தி பால்வாடிக்கு வரும்போது பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "டீச்சர், எங்க மீனு வெள்ளையா போச்சு" என்று ஒரே அழுகை. அவளைச் சமாதானம் செய்வதற்குள் அடுத்தது, அதற்கடுத்தது. ஊரில் ஒரு பிள்ளை ஒன்றைத் தூக்கிவிட்டால் மற்றதெல்லாம் சும்மா இருக்குமா? பதினைந்து, பதினாறு பாட்டில் சேர்ந்துவிட்டது. சத்துமாவு கிண்டவா, பிள்ளைகளைப் பார்க்கவா, பாட்டிலைப் பார்க்கவா? காலில் தட்டி உடைந்துவிடப் போகிறது என்று எல்லாவற்றையும் வாங்கி, ஜன்னல் திண்டில் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வரிசையாக அடுக்கிவிட்டு அடுப்புப் பக்கம் போனேன்.

சத்துமாவு உருட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பாட்டிலின் அடியில் வெளுத்துக் கிடந்த மீன்கள் எல்லாம் மேலே ஏறி வந்திருந்தன. ஒவ்வொன்றும் பக்கத்துப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு, கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. ஒன்று மேலே போனால் அடுத்த பாட்டிலில் இருப்பதும் மேலே போனது. அது திரும்பினால் இதுவும் திரும்பியது. நடுவில் இருந்தவற்றுக்கு இந்தப் பக்கம் போவதா அந்தப் பக்கம் போவதா என்று தெரியவில்லை. நீலக் கோடு மெல்லத் திரும்பி வந்திருந்தது.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இந்த மனுஷன் சொன்னது உண்மை என்று என் கண்ணாலேயே பார்க்கவேண்டி வந்துவிட்டதே என்ற கோபம். சிமெண்ட் வாசலில் நின்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னான், நான் சிரித்தேன்.

மதியம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெண்களை நிறுத்தி, ஜன்னலைக் காட்டினேன். அவர்களும் பார்த்தார்கள். மணியம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஆனாலும், "இன்னா பண்றது கீதா, கூறத் திருப்பிக் குடுக்க முடியுமா?" என்றாள்.

"யாரு திருப்பிக் குடுக்கச் சொன்னா?" என்றேன். "கோவிந்தன் மாமா பட்டியில யார் யாரு வூட்டு ஆடோ கீது. ஆடு உங்குளுது, மேய்க்கிறது அவரு. அந்த மாதிரி மேய்ச்சலுக்கு வுடுங்க. கூறு உங்குளுதாவே இருக்கட்டும். மேய்க்கிறதுக்கு எங்க வூட்ல ஒரு ஆளு சும்மாத்தான் உக்காந்துகீறாரு."

மேய்ச்சல் என்றதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அருணகிரியிடம் போய்ச் சொன்னபோது அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆட்டுக்கு ஒத்துக்கொள்கிற வழக்கம் மீனுக்கு ஒத்துக்கொள்ளாதா என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டு மீனும் அதற்குள் வெளுத்துப் பாட்டிலின் அடியில் படுத்துவிட்டிருந்தது, அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சாயங்காலமே எல்லாப் பாட்டிலும் எங்கள் வீட்டுக்கு வந்தன, கோயிலில் இருந்த சாமி கூறு உட்பட. எல்லாம் உயிரோடுதான் இருந்தன. இவர் ஒவ்வொன்றாகத் தொட்டியில் சாய்த்தார். மோட்டாருக்குப் பின்னால் இருந்த எங்கள் மீன் வெளியே வந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் அது எது, மற்றது எது என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது பாருங்கள் என் கதியை. முன்பு வீட்டில் ஒரு ஆள்தான் மீன் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஊரே வருகிறது. அவரவர் கூறை அவரவர் வந்து பார்க்க உரிமை இல்லையா? விடியும் முன்னே ஒருத்தி, விளக்கு வைக்கும்போது நாலு பேர். "எங்குளுது எது கீதா?" "அதோ, முன்னால போவுதே, அதுதான்." அடுத்து வருகிறவருக்கும் முன்னால் போவதையே காட்டுவேன். கோவிந்தன் மாமா, தன் மீன் இளைத்துவிட்டது, தீனி சரியாகப் போடுவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். ஊர்த் தண்ணீரைத் திறந்துவிட்டவருக்கு வாயைப் பாருங்கள். வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டு என் பால் தீர்ந்தது. கம்பளி இன்னும் தொட்டி மேல்தான் இருக்கிறது.

பாட்டிலில் கிடந்த வேதனை சும்மா போகுமா? மாசி பிறந்ததும் ஒன்று செத்து மிதந்தது. அப்போது வந்திருந்த ஆட்கள் யாருடையது என்று கேட்க, இவர் ஒரு வினாடிகூட யோசிக்காமல், "நம்முளுது" என்றார். எல்லோரும் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

"அது நம்முளுதுன்னு உனுக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டேன்.

"வேற யாருதுன்னு சொல்றது?" என்றார்.

அடுத்து ஒன்று செத்தபோது சாமியுடையது என்று சொல்லிவிட்டார். சாமி எடுத்துக்கொண்டது என்று ஊரும் கும்பிட்டுவிட்டுப் போனது. ஆக, தொட்டியில் மிச்சமிருக்கிற மீனில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை. அப்படியும் இந்த மனுஷன் அதே முக்காலி, அதே கத்தரிக்கோல், அதே டிரம். அடுத்தவன் வீட்டு மீனுக்கு ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

நேற்றுக் காலை மூன்றாவது செத்தது. இவர் வலையில் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், வாசலில் மணியம்மாள் செவ்வந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். அந்தப் பிள்ளை தினமும் பால்வாடிக்குப் போகும் முன் ஒரு எட்டு வந்து தன் மீனைப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

"யாருதுங்க?" என்றாள் மணியம்மாள். பிள்ளையைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

இவர் என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார். எங்களுடையது செத்தாயிற்று, சாமியுடையதும் செத்தாயிற்று. மிச்சம் எல்லாம் ஊருடையது. பொய் சொல்லவும் அந்த மனுஷனுக்கு ஒரு அளவுக்கு மேல் தெரியாது.

"எங்குளுது" என்றேன் சமையல்கட்டிலிருந்து.

"உங்குளுது அன்னிக்கே செத்துப் போச்சின்னாரே. தலைக்கட்டுக்கு ஒண்ணுதான கீதா?"

கரண்டியோடு வெளியே வந்தேன். "அது அவருது. தலைக்கட்டுன்னு எழுதனப்ப என் தலைய எதுல சேத்தீங்க? எனுக்கும் ஒரு தலை கீது. இது என்னுது."

மணியம்மாள் செவ்வந்தியைத் தொட்டிக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டி, "அதோ பாரு, உன்னுது முன்னால போவுது" என்று சொல்லிவிட்டு இறக்கிவிட்டாள்.

அவர்கள் போன பிறகும் இவர் அதே இடத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"இன்னா பாக்கிற? அத்த என்கிட்ட குடுத்துட்டுப் போயி வால்வத் தொற. ஊரு தண்ணிக்கு நிக்குது" என்று கையை நீட்டினேன்.